சரியாயிட்டா என்று கேட்கிறவர்களுக்கு

போன தை மாதம் கோவில்பட்டியில் உறவில் ஒரு கல்யாணம். மறுவீட்டுச் சாப்பாட்டில் இலைக்குச் சொதி வந்துகொண்டிருந்தபோது, எதிர்வரிசையில் இருந்த சித்தி பந்தி முழுக்கக் கேட்கும்படி, "ஏட்டி, மண்டையிடிக்கு நெத்தியில ஊசி போட்டியாமே, சரியாயிட்டா?" என்றாள். "இன்னும் வருது சித்தி, ஆனா முன்ன மாதிரி இல்ல" என்றேன். "பின்ன எதுக்குட்டி அவ்வளவு துட்டக் கொண்டு கொட்டுன?" என்றாள். அவள் கேட்டதில் குத்தல் ஒன்றும் இல்லை. என்னைத் தூக்கி வளர்த்தவள், அக்கறையாகத்தான் கேட்டாள். நானும் இஞ்சிப் பச்சடியைத் தொட்டுக்கொண்டு சாப்பிட்டு எழுந்துவிட்டேன். ஆனால் ஊருக்குத் திரும்பும்போது, பஸ் கங்கைகொண்டான் தாண்டியும் அந்தக் கேள்வி என்னை விட்டு இறங்கவில்லை. சரியாகிவிட்டது என்று சொன்னால் பொய். சரியாகவில்லை என்று சொன்னால் அது அதைவிடப் பெரிய பொய். இரண்டுக்கும் நடுவில் நான் இருக்கும் இடத்துக்கு ஒரு சொல் கிடைக்கவில்லை. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

திருநெல்வேலி பேட்டையில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் கணக்கு எழுதுவது என் வேலை. வீடு டவுனில், ரதவீதியை ஒட்டிய ஒரு சந்தில். எங்கள் பக்கத்தில் தலைவலி என்று யாரும் சொல்வதில்லை, மண்டையிடி என்போம். எனக்கு வருவதற்கு அந்தச் சொல்தான் பொருந்தும். இடது கண்ணுக்குப் பின்னால் யாரோ உலக்கை போடுவதுபோல, நாடித்துடிப்போடு சேர்ந்து இடிக்கும். வெளிச்சம் கூடாது, சத்தம் கூடாது, அடுக்களையில் கடுகு தாளிக்கும் வாசனை வந்தால் வாந்தி வரும். சில தடவை அதற்கு முன்னாலேயே கண்ணோரத்தில் ரம்பத்தின் பல்லைப்போல ஒரு ஒளிக்கோடு நெளியும். அது தெரிந்தால் இன்னும் அரை மணி நேரத்தில் படுக்கப் போகிறோம் என்று அர்த்தம். பங்குனி, சித்திரை வெயிலிலும், சாப்பாட்டு நேரம் தவறினாலும், தூக்கம் கெட்டாலும் வரும். மாதவிலக்குக்கு முந்தின நாள் தவறாமல் வரும். ஆனி மாதம் நெல்லையப்பர் தேர் எங்கள் சந்து முனையைத் தாண்டிப் போகும். ஒன்பது வருடம் அந்தத் தேரை நான் பார்க்கவில்லை. சன்னலில் போர்வையைத் தொங்கவிட்டு, காதில் பஞ்சு வைத்துப் படுத்தபடி மேளத்தையும் சனத்தின் சத்தத்தையும் வைத்து, இப்போது தேர் எங்கே நிற்கிறது என்று கணித்திருக்கிறேன்.

செய்யாத வைத்தியம் இல்லை. சுக்கு இழைத்துப் பற்றுப் போட்டாயிற்று, நொச்சி போட்டு ஆவி பிடித்தாயிற்று, தைலம் தேய்த்து நெற்றித் தோல் கறுத்தும் போயிற்று. கண்ணாடி மாற்றினார்கள். சைனஸ் என்று ஒருவர் மூக்குக்கு மருந்து கொடுத்தார். ஒரு இடத்தில் ஸ்கேன் எடுத்து, படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, "உள்ள ஒண்ணும் இல்லம்மா, நிம்மதியா போங்க" என்றார்கள். உள்ளே ஒன்றும் இல்லை என்பது நல்ல செய்திதான், அதை அறியாதவள் இல்லை நான். ஆனால் அந்த வார்த்தைக்குப் பிறகு வீட்டில் நான் படுக்கும் ஒவ்வொரு தடவையும் "ஸ்கேன்லதான் ஒண்ணும் இல்லையே" என்ற பதில் தயாராக இருந்தது. இந்த வலி ஸ்கேனில் தெரியாது, தெரியவும் வேண்டியதில்லை, விவரம் கேட்டே கண்டுபிடிக்கிற நோய் இது என்று யாராவது அன்றைக்கே சொல்லியிருக்கலாம்.

எத்தனை நாள்?

கடைசியில் பாளையங்கோட்டையில் ஒரு நரம்பியல் டாக்டரிடம் போனேன். என் வயதுதான் இருக்கும் அவருக்கு. மாதத்தில் எத்தனை நாள் வலிக்கும் என்று கேட்டார். எட்டு, பத்து நாள் என்றேன். பொய் சொல்லவில்லை, படுத்துவிடும் நாளை மட்டும்தான் நான் வலி என்று நினைத்திருந்தேன். அவர் எழுதிக்கொள்ளாமல் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "சரி, வேற மாதிரி கேக்கேன். தலையில எதுவுமே இல்லாம, மண்டை தெளிவா இருக்குற நாள் மாசத்துல எத்தனை?" என்றார்.

எனக்குப் பதில் வரவில்லை. நேற்று? நேற்று பிடரி கனத்தது. முந்தாநாள்? மாத்திரை போட்டுக்கொண்டு வேலைக்குப் போனேன். ஞாயிற்றுக்கிழமை? படுத்திருந்தேன். அதற்கு முந்தின வாரத்தில் தெளிவான ஒரு நாளை மனத்தில் தேடிக்கொண்டே இருந்தேன். அறைக்கு வெளியே டோக்கன் கூப்பிடும் சத்தம் கேட்டது. அவர் அவசரப்படுத்தவில்லை. நான் அழுதுவிட்டேன். கடையில் ஒரு ரூபாய் இடித்தால் ராத்திரி பத்து மணி வரை உட்கார்ந்து தேடுகிறவள், என் சொந்த நாள்களுக்குக் கணக்கே வைக்கவில்லை. இத்தனை வருடத்தில் என்னிடம் வலிக்கிறதா என்று கேட்டவர்கள் உண்டு, எங்கே வலிக்கிறது என்று கேட்டவர்கள் உண்டு. வலிக்காத நாளைப் பற்றி ஒருவரும் கேட்டதில்லை, நானும் கேட்டுக்கொண்டதில்லை.

மூன்று மாதம் எழுதி வரச் சொன்னார். எங்கள் வீட்டு அடுக்களையில் நகைக்கடை காலண்டர் ஒன்று தொங்கும். அம்மா அதில் பால் கணக்கு எழுதுவாள். அதே கட்டங்களில் நானும் குறிக்க ஆரம்பித்தேன். படுத்த நாளுக்கு முழு வட்டம், வலியோடு வேலை பார்த்த நாளுக்கு அரை வட்டம், மாத்திரை போட்டால் பக்கத்தில் ஒரு புள்ளி. முதல் மாதம் 21, அடுத்து 19, அதற்கு அடுத்து 22. புள்ளி வைத்த நாள் மாதம் 18க்குக் குறையவில்லை. காலண்டரைச் சுருட்டிக்கொண்டு போய்க் காட்டினேன். மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ தலைவலி இருந்து, அதில் குறைந்தது 8 நாள் ஒற்றைத் தலைவலியின் குணத்தோடு இருந்து, மூன்று மாதத்துக்கு மேல் அப்படியே நீடித்தால் அதற்கு நாள்பட்ட மைக்ரேன் என்று பெயர் என்றார். அப்புறம் புள்ளிகளை விரலால் தொட்டுக் காட்டி, "வட்டத்தைவிட இதுதான் எனக்குக் கவலையா இருக்கு" என்றார். மருந்துக்கடையில் கேட்டதும் கிடைக்கும் அந்தக் கூட்டு மாத்திரையை மாதம் 10 நாளுக்கு மேல் விழுங்கினால், அந்த மாத்திரையே தலைவலியைத் தக்கவைக்குமாம். வலிக்கு மருந்து, மருந்தால் வலி. எட்டு வருடமாக நான் அந்தச் செக்கைச் சுற்றியிருக்கிறேன். நிறுத்திய முதல் இரண்டு வாரத்தைப் பற்றி எழுத விருப்பமில்லை. அது முடிந்தபின் எண்ணிக்கை 18க்கு வந்தது. அடுத்த மாதம் 17.

31 குத்து

நேராக ஊசிக்குப் போய்விடவில்லை. ஊசியைப் பற்றி விசாரிக்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். முதலில் புரோப்ரனலால், ரத்த அழுத்தத்துக்குக் கொடுப்பது. படி ஏறினால் மூச்சு வாங்கியது. அப்புறம் அமிட்ரிப்டிலின். காலையில் எழ முடியவில்லை, எடை ஏறியது. பிறகு வலிப்புக்குக் கொடுக்கும் டோபிரமேட். அதில் வலி கொஞ்சம் குறைந்தது. ஆனால் விரல் நுனி மரத்தது, வாய்க்கு வந்த சொல் வராமல் நின்றது. ஒரு நாள் கடையில் 'நிலுவை' என்ற சொல்லைத் தேடி அண்ணாச்சி முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். பலருக்கு இந்த மாத்திரைகளே போதும், விலையும் குறைவு. எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை, அவ்வளவுதான். அதன் பிறகுதான் டாக்டர் போட்டுலினம் நச்சைப் பற்றிச் சொன்னார். போடாக்ஸ் என்ற பெயரில் நாம் அறிந்தது. சினிமாக்காரர்கள் முகச் சுருக்கத்துக்குப் போடுவதல்லவா என்றுதான் நானும் கேட்டேன்.

வீட்டில் வந்து சொன்னதும் அம்மா, "விஷத்தையா மண்டையில குத்துதாங்க?" என்றாள். பிறகு அவளே, "எங்க அப்பா மூட்டு வலிக்குச் சேராங்கொட்டை இளகம் தின்னாகளே, அதும் விஷந்தானே" என்று சமாதானமானாள். பாளையங்கோட்டையில் 1964 முதல் அரசு சித்த மருத்துவக் கல்லூரி இருக்கிற ஊர் எங்களுடையது. நஞ்சைச் சுத்தி செய்து மருந்தாக்குவது இங்கே யாருக்கும் புதுச் செய்தியில்லை. ஆனால் நான் படித்தவரை, இந்த ஊசியின் கதை வேறு. சேராங்கொட்டையைச் சுத்தி செய்யும்போது அதன் நஞ்சு தணிகிறது. இதில் நஞ்சு நஞ்சாகவே இருக்கிறது. அளவும் இடமும்தான் அதை மருந்தாக்குகின்றன. ஒரு புட்டியில் இருப்பது சில நானோகிராம். ஒரு கிராமை நூறு கோடிப் பங்காக்கினால் ஒரு பங்குதான் நானோகிராம்.

அந்த நஞ்சின் வரலாறு என்னை ஒரு ராத்திரி முழுக்கத் தூங்கவிடாமல் வைத்தது, வலியில்லாமல் விழித்த அபூர்வமான ராத்திரி. 1820ஐ ஒட்டிய வருடங்களில் ஜெர்மனியில் கெட்டுப்போன சாசேஜ் என்ற இறைச்சிக் குழலைத் தின்று ஆள்கள் கைகால் விழுந்து சாக, யுஸ்டினுஸ் கெர்னர் என்ற மருத்துவர் அதை ஆராய்ந்து எழுதினார். நரம்பை அடக்கும் இந்தப் பொருளே ஒரு நாள் மருந்தாகலாம் என்று அவருக்கு அப்போதே தோன்றியிருக்கிறது. 1895இல் பெல்ஜியத்தில் ஒரு சாவு வீட்டுக்கு வந்த வாத்தியக்காரர்கள் பன்றித்தொடை இறைச்சி தின்று விழ, எர்மெங்கம் என்பவர் அந்த இறைச்சியிலிருந்து இந்த நஞ்சை உண்டாக்கும் கிருமியைப் பிரித்தார். பிறகு சான் பிரான்சிஸ்கோவில் ஆலன் ஸ்காட் என்ற கண் மருத்துவர் மாறுகண்ணைச் சரிசெய்ய இந்த நஞ்சைப் பயன்படுத்தினார். 1989இல் அமெரிக்க அரசு அதற்கு அனுமதி தந்தது. தொண்ணூறுகளில் சுருக்கத்துக்கு ஊசி போட்டுக்கொண்டவர்கள் சிலர், தலைவலியும் குறைந்திருக்கிறதே என்று தங்கள் மருத்துவரிடம் சொல்லியிருக்கிறார்கள். வில்லியம் பைண்டர் என்ற அந்த முக அறுவை மருத்துவர் அதைக் காதில் வாங்கிக்கொண்டார். அங்கேதான் என் மனம் நின்றது. வேறு காரியத்துக்கு வந்தவள் போகிறபோக்கில் தலைவலியைப் பற்றிச் சொன்னதை ஒரு டாக்டர் கேட்டிருக்கிறார். 2010இல் இங்கிலாந்தும் அமெரிக்காவும் நாள்பட்ட மைக்ரேனுக்கு இதை அனுமதித்தன. அதுவும் நாள்பட்டதற்கு மட்டும். மாதம் நாலைந்து நாள் வலி வருகிறவர்களுக்கு இது பயன் தருவதாகக் காட்டப்படவில்லை.

ஊசி போட்ட நாள் நன்றாக நினைவிருக்கிறது. மருந்து ஐஸ் பெட்டியில் வந்தது, புட்டியின் அடியில் தூள் இருப்பதே தெரியவில்லை. உப்புநீர் விட்டுக் கரைத்தார்கள். முடியைவிடக் கொஞ்சம் தடித்த ஊசி. ஒவ்வொரு குத்திலும் 5 யூனிட், மொத்தம் 155 யூனிட். நான் வாய்க்குள் எண்ணிக்கொண்டே இருந்தேன். புருவத்தின் உள்முனைகளில் இரண்டு, அவற்றுக்கு நடுவே ஒன்று, நெற்றியில் நாலு, இரண்டு நெற்றிப்பொட்டிலும் நாலு நாலு, பின்மண்டையில் ஆறு, பிடரியில் நாலு, தோளில் ஆறு. 31. நெற்றியில் போட்டதுதான் சுருக்கென்று கண்ணில் தண்ணீர் வரவைத்தது. கொசு கடித்ததுபோல எழுந்த தடிப்புகள் வீடு வந்து சேர்வதற்குள் அமுங்கிவிட்டன. நெற்றியைத் தேய்க்காதீர்கள், சில மணி நேரம் படுக்காதீர்கள் என்று அனுப்பிவிட்டார்கள். இந்த மருந்து தசையைத் தளர்த்துவதால்தான் தலைவலி போகிறது என்று முன்பு நினைத்தார்களாம். இப்போது சொல்வது வேறு. நரம்பு முனைகளிலிருந்து வலியைக் கிளறும் பொருள்கள், சிஜிஆர்பி போன்றவை, வெளியே கொட்டுவதை அது தடுக்கிறது. மண்டைக்குள் ஏறும் கூச்சலின் வாசலில் ஒரு தாழ்ப்பாள் என்று நான் புரிந்துகொண்டேன். சுமார் 12 வாரத்தில் தாழ்ப்பாள் தானாகக் கழன்றுவிடும், மறுபடி போட வேண்டும்.

முதல் வாரம் பிடரி வலித்தது. தலையணையிலிருந்து தலையைத் தூக்கக் கையால் தாங்க வேண்டியிருந்தது. ஒரு புருவம் கனத்துக் கிடந்தது. நெற்றி வழவழப்பாகிவிட்டதால் கடையில் பெண்கள் அர்த்தத்தோடு பார்த்தார்கள். ஒருத்தியிடம் நான் ஏதோ முகக் கிரீம் என்று சொன்னேன். அது இன்றும் உறுத்துகிறது. நான் வெட்கப்பட்டது ஊசிக்காக அல்ல. மண்டையிடிக்காக ஒருத்தி இவ்வளவு செலவழிப்பாளா என்று கேட்பார்களே, அதற்காக.

வரவை எந்தக் கணக்கில் எழுதுவது

முதல் ஊசிக்குப் பின் 16, 13, 15. இரண்டாவதற்குப் பின் 12, 10, 13. ஒவ்வொரு சுற்றிலும் கடைசி மாதம் எண்ணிக்கை ஏறும், தாழ்ப்பாள் கழலும் காலம் அது. இங்கிலாந்தில் 2012 முதல் ஒரு விதி வைத்திருக்கிறார்கள்: இரண்டு சுற்றுக்குப் பிறகு தலைவலி நாள் 30 சதவீதமாவது குறையவில்லையென்றால் நிறுத்திவிட வேண்டும். டாக்டர் அந்தக் கணக்கைத்தான் எனக்கும் வைத்தார். பழைய மாத்திரையை நிறுத்தியபின் இருந்த 17ஓடு ஒப்பிட்டால் நான் ஒரு மயிரிழையில் தேறினேன்.

சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். அந்த நேரத்தில்தான் 2010இல் அனுமதி வாங்கித் தந்த அந்தச் சோதனைகளின் முடிவைப் படித்தேன். இரண்டு சோதனையிலும் சேர்த்து 1,384 பேர், மாதத்தில் ஏறக்குறைய 20 நாள் தலைவலியோடு வந்தவர்கள். பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு வெறும் உப்புநீர், அதே 31 இடத்தில். யாருக்கு எது என்று யாருக்கும் தெரியாது. 24 வாரம் கழித்து, 28 நாளைக்கு எத்தனை தலைவலி நாள் குறைந்தது என்று பார்த்தார்கள். மருந்துக்காரர்களுக்கு 8.4 நாள், உப்புநீர்க்காரர்களுக்கு 6.6 நாள். படித்துவிட்டு வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். நடுவில் இருப்பது 1.8 நாள். என் ஒன்றரை மாதச் சம்பளத்தை ஒவ்வொரு தடவையும் கொடுப்பது இந்த 1.8க்கா? ஒரு நாள்கூட ஆஸ்பத்திரியில் படுக்காத சிகிச்சை என்பதால் காப்பீட்டிலும் பைசா வரவில்லை. சித்தி கேட்டதை நானே என்னைக் கேட்டுக்கொண்டேன். எனக்குக் குறைந்ததில் எவ்வளவு மருந்தால், எவ்வளவு நம்பிக்கையால், எவ்வளவு பழைய மாத்திரையை விட்டதால்? வரவு வந்திருக்கிறது, எந்தக் கணக்கில் எழுதுவது என்று தெரியவில்லை. கணக்கு எழுதுகிறவளுக்கு இதைவிடப் பெரிய அவஸ்தை கிடையாது.

அடுத்த தடவை டாக்டரிடம் நேராகவே கேட்டேன். எனக்கும் உப்புநீரைப் போட்டிருந்தால் இவ்வளவு குறைந்திருக்குமா என்று. அவர் கோபப்படவில்லை. "கூட்டத்துல பிரிச்சுப் பாக்கலாம்மா, ஒரு ஆளுக்குள்ள பிரிக்க முடியாது. உங்களுக்கு எது எவ்வளவுன்னு என்னால சொல்ல முடியாது. அந்த 1.8 சராசரி. அதுல ஒண்ணுமே குறையாதவங்களும் இருக்காங்க, பாதிக்கு மேல குறைஞ்சவங்களும் இருக்காங்க" என்றார். தெரியாததைத் தெரியாது என்று சொன்னதாலேயே அவர்மேல் எனக்கு மரியாதை கூடியது. வீட்டுக்கு வந்து பெருக்கிப் பார்த்தேன். 28 நாளுக்கு 1.8 என்றால் வருடத்துக்கு 23 நாள். நம்பிக்கை, கவனிப்பு, காலம் எல்லாவற்றையும் கழித்துவிட்டு, மருந்து மட்டும் தனியாகச் சராசரி ஆளுக்குத் தருவது 23 நாள். அது ஒரு பெண்ணுக்கு ஒன்றுமில்லை என்று, இருட்டறையில் 23 நாள் படுக்காத யாரும் சொல்லக் கூடாது. மீதி 6.6 மட்டும் பொய்யா? அந்த உப்புநீர்க்காரர்களும் என்னைப்போல டைரி எழுதியவர்கள். அவர்களை யாரோ முறை தவறாமல் உட்காரவைத்து எத்தனை நாள் என்று கேட்டிருக்கிறார்கள். அந்தக் கேள்வியிலும் கொஞ்சம் மருந்து இருக்கிறது என்று நான் நம்புகிறேன். எனக்கு அது 155 யூனிட்டுக்கு முன்பே கிடைக்கத் தொடங்கிவிட்டது.

மூன்றாவது ஊசிக்குப் பின் ஆனித் திருவிழா வந்தது. தேரன்று காலையில் எழும்போதே பொட்டில் லேசாகத் துடிப்பு இருந்தது. போகாதே என்று வீட்டில் சொன்னார்கள். தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் போட்டுக்கொண்டு வாகையடி முக்கில் போய் நின்றேன். வடம் இழுபட்டு, தேர் ஒரு குலுங்கு குலுங்கி நகர்ந்தது. ஒன்பது வருடம் சத்தமாக மட்டும் இருந்த ஒன்றுக்கு அத்தனை நிறம் இருந்தது. ஒரு மணி நேரம் நின்றிருப்பேன். மத்தியானம் வீட்டுக்கு வந்து படுத்தேன், சாயங்காலம் எழுந்துவிட்டேன். காலண்டரில் அன்றைக்கு அரை வட்டம்தான் போட்டேன்.

அம்மாவுக்கும் இந்த மண்டையிடி இருந்தது. துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு தோசைக்கு அரைப்பாள். மாதவிலக்கு நின்ற பிறகு அவளுக்குத் தானாகவே குறைந்துவிட்டது. மாசத்துக்கு எத்தனை நாள் வரும் உனக்கு என்று ஒரு தடவை கேட்டேன். "எண்ணி என்ன செய்ய? நீங்க பள்ளிக்கூடம் போவணும்லா" என்றாள். அதற்கு மேல் அதைப் பற்றி அவள் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

போன மாதக் கடைசியில் பால்காரர் வாசலில் நிற்க, அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு காலண்டர் கட்டங்களில் விரலை ஓட்டிக்கொண்டிருந்தாள். இரண்டு நாள் பால் வாங்கவில்லை, அதைக் கழித்துத் தொகையைச் சொல்லிப் பணம் கொடுத்து அனுப்பினாள். விரல் இன்னும் காலண்டரிலேயே இருந்தது.

"ஏட்டி, இந்த மாசம் உனக்கு எத்தனை?"

"ஒம்பதும்மா" என்றேன்.

பால் கணக்குக்குக் கீழே, அதே பென்சிலால், 9 என்று எழுதினாள்.